வாப்பாவின் கையில் ஸ்மார்ட் மணிக்கூடு, வீட்டில் தராசு இல்லை

 

கொஞ்சம் நீண்ட பதிவு. வீட்டில் இதய நோயாளி யாராவது இருந்தால் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள். நாங்கள் வைத்தியத்துறை சார்ந்தவர்கள் அல்ல, பாடசாலையில் கணிதம் படிப்பிப்பவர்கள். எங்கள் வீட்டில் நடந்த ஒரு பிழை மற்ற வீடுகளிலும் நடந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறோம்.

எங்கள் வாப்பாவுக்கு மாரடைப்பு வந்து ஆறு வருடமாகிறது. அதற்குப் பிறகு ஈகோ எடுத்துப் பார்த்த வைத்தியர், இதயம் இரத்தத்தைத் தள்ளும் பலம் குறைந்துவிட்டது என்றார். ஹார்ட் ஃபெயிலியர் என்ற சொல்லைக் கேட்டு உம்மா அழுதுவிட்டார். இதயம் நின்றுவிடும் என்று அர்த்தமில்லை, பலவீனமான இதயத்தோடு கவனமாக வாழ வேண்டும் என்றுதான் அர்த்தம் என்று வைத்தியர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். அன்றிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒரு கிளினிக், ஒரு பை நிறையக் குளிசை.

சென்ற வருடம் நோன்புக்கு முன்னர், டோஹாவில் இருக்கும் நானா ஒரு ஸ்மார்ட் மணிக்கூடு அனுப்பினார். நாடித்துடிப்பு, நடந்த அடிகள், தூக்கம், ஒட்சிசன் எல்லாம் காட்டும். வெள்ளவத்தையில் வாப்பா கையில் கட்டினால் டோஹாவில் நானாவின் போனில் தெரியும். நாங்கள் நான்கு பிள்ளைகளும் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்து, தினமும் சுபஹுக்குப் பிறகு ஸ்கிரீன்ஷொட் போட்டோம். துடிப்பு 68, ஒட்சிசன் 96. மாஷா அல்லாஹ் என்று ஒருவர், இதயப் படம் ஒன்றோடு இன்னொருவர். உண்மையைச் சொன்னால், அந்த ஸ்கிரீன்ஷொட் வர ஆரம்பித்த பிறகு வாப்பாவை நேரில் உற்றுப் பார்ப்பதே எங்களிடம் குறைந்துவிட்டது.

நோன்பு பத்தொன்பதாம் இரவு, ஒரு மணியளவில் வாப்பாவால் மூச்சு விட முடியவில்லை. கதிரையில் குனிந்து உட்கார்ந்து ஜன்னலைத் திறக்கச் சொன்னார். 1990க்கு அழைத்தோம். வண்டி வந்து அரச வைத்தியசாலை ஒன்றுக்குக் கொண்டு போனார்கள். அங்கே ஒரு தாதி கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று: “கடைசி ஒரு வாரத்தில் நிறை எவ்வளவு கூடியது?”

நாங்கள் போனை நீட்டினோம். முப்பது நாள் நாடித்துடிப்பு அதில் இருந்தது. அவர் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். “இது சரி. நிறை எவ்வளவு?” என்று மறுபடியும் கேட்டார்.

யாருக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் தராசே இருக்கவில்லை.

ஆறு நாளில் ஐந்து கிலோ தண்ணீர் சிறுநீராக இறங்கியது. அல்ஹம்துலில்லாஹ், வாப்பா வீட்டுக்கு வந்தார். வந்த பிறகுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. இரண்டு வாரமாகச் செருப்பு இறுக்குகிறது என்றார், புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தோம். ஒரு தலையணையில் படுப்பவர் மூன்று வைத்தார், கழுத்துவலி என்று நினைத்தோம். பள்ளிக்குப் போகும் வழியில் இரண்டு இடத்தில் நின்றார், நோன்புக் களைப்பு என்று விட்டோம். இஃப்தாருக்கு உப்புக் கஞ்சியும் ரோல்ஸும் ஒரு நாளும் தவறவில்லை. எல்லாவற்றையும் விட முக்கியமானது, தராவீஹ் தொழுகைக்கு நடுவில் சிறுநீர் கழிக்க எழும்ப வேண்டி வரும் என்று, தண்ணி போகும் குளிசையை வாப்பா யாருக்கும் சொல்லாமல் நிறுத்தியிருந்தார்.

மணிக்கூட்டுக்கு இதில் ஒன்றும் தெரியாது. தெரியாதது அதன் குற்றமில்லை. அது எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்று நாங்கள் கேட்கவே இல்லை.

பலவீனமான இதயம் இரத்தத்தை முன்னே தள்ள முடியாமல் போகும்போது, இரத்தம் பின்னால் தேங்குகிறது. சிறுநீரகம் உடம்பில் இரத்தம் போதாது என்று தவறாக நினைத்து, உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைக்கிறது. அந்தத் தண்ணீர் காலில், வயிற்றில், கடைசியில் நுரையீரலில் சேர்கிறது. ஒரு லீட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பது நாங்கள் படிப்பிக்கும் பாடம்தான். ஆகவே உடம்பில் தண்ணீர் சேர்ந்தால் அநேகமாகத் தராசு அதைக் காட்டும். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் திடீரென்று கூடினால் வைத்தியரிடம் சொல்லுங்கள் என்று ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் வழிகாட்டி நோயாளிகளுக்குச் சொல்கிறது.

மணிக்கூடு தோலுக்குள் பச்சை வெளிச்சம் பாய்ச்சி நாடித்துடிப்பை எண்ணுகிறது. வாப்பா குடிக்கும் குளிசைகளில் ஒன்றின் வேலையே அந்தத் துடிப்பைக் கூட விடாமல் பிடித்து வைப்பது. அப்படியானால், உள்ளே நிலைமை மோசமாகும்போதும் மணிக்கூட்டில் 68, 70 என்று அழகான இலக்கம் வரலாம். ஒட்சிசன் அளவையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 2020இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு, வைத்தியசாலையில் விரலில் மாட்டும் ஒட்சிசன் கருவியே, வெள்ளையரை விடக் கறுப்பின நோயாளிகளில் ஒட்சிசன் குறைவைக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிட்டது என்று காட்டியது. தோலின் நிறம் இந்த வெளிச்சக் கருவிகளுக்குப் பொருட்டில்லை என்று நம் நாட்டில் யாரும் நினைக்கக் கூடாது.

இதை வாசித்துவிட்டு, கருவியெல்லாம் ஏமாற்று வேலை என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். வாப்பா வீட்டுக்கு வந்த பிறகு நாங்கள் இதைப் பற்றி நிறையத் தேடி வாசித்தோம். படம் அவ்வளவு இலகுவானதில்லை.

முதலில் தோற்ற கதை. 2010இல் அமெரிக்காவில் 1,653 இதயப் பலவீன நோயாளிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள். நோயாளி தினமும் ஒரு தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து, பதிவு செய்த குரல் கேட்கும் கேள்விகளுக்குப் பதிலையும் தன் நிறையையும் அழுத்த வேண்டும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், வைத்தியசாலையில் சேர்ந்ததிலும் மரணத்திலும் வித்தியாசமே இல்லை. அந்தத் தொகுதியைப் பயன்படுத்த வேண்டியவர்களில் 14 வீதமானோர் ஒரு தடவைகூட அழைக்கவில்லை. கடைசி வாரத்தில் கிழமைக்கு மூன்று தடவையாவது அழைத்தவர்கள் பாதிக்குச் சற்று மேல்தான். வீட்டுப்பாடம் கொடுத்து அனுபவமுள்ள எங்களுக்கு இது ஆச்சரியமாக இல்லை.

உடம்பில் அணியும் சென்சர்கள் இந்த இடத்தில்தான் பெறுமதியாகின்றன. நோயாளி ஒன்றையும் ஞாபகம் வைக்கத் தேவையில்லை. 2020இல் வெளிவந்த இன்னோர் அமெரிக்க ஆய்வில் 100 பேரின் நெஞ்சில் ஒரு பட்டியை ஒட்டினார்கள். இதயத் துடிப்பின் மின்பதிவு, மூச்சு, உடலசைவு, எந்தச் சரிவில் படுக்கிறார் என்பதெல்லாம் போன் வழியாகக் கணினிக்குப் போகும். கணினி ஒருவரை மற்றவரோடு ஒப்பிடவில்லை, அவரவரின் சாதாரண நாளோடு ஒப்பிட்டது. வகுப்பு சராசரியைப் பார்க்காமல், ஒரு பிள்ளையின் சென்ற தவணைப் புள்ளியோடு இந்தத் தவணைப் புள்ளியை ஒப்பிடுவது போல. வைத்தியசாலையில் சேர வேண்டிய நிலை வருவதற்கு நடுக்கணக்காக ஆறரை நாளுக்கு முன்பே அது எச்சரித்தது. வாப்பா மூன்று தலையணை வைத்த இரவை அந்தப் பட்டி கண்டிருக்கும். ஆனால் எச்சரிக்கை வந்தவுடன் சிகிச்சையை மாற்றினால் ஆள் தப்புவாரா என்பதை அந்த ஆய்வு சோதிக்கவில்லை.

இனி வென்ற கதை. ஜெர்மனியில் 1,538 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. கருவிகள் பெரிய அதிசயமில்லை. தராசு, பிரஷர் கருவி, ஈசிஜி, விரலில் மாட்டும் ஒட்சிசன் கருவி. ஆனால் மறுமுனையில் பேர்லின் நகரின் ஷாரிட்டே வைத்தியசாலை நிலையத்தில் வைத்தியர்களும் தாதியரும் 24 மணித்தியாலமும் இருந்தார்கள். இலக்கம் பிழைத்தால் அழைத்தார்கள், மருந்தை மாற்றினார்கள், தேவையானால் ஆளை அனுப்பச் சொன்னார்கள். மாதத்துக்கு ஒரு தடவை சும்மாவும் அழைத்துக் கதைத்தார்கள். சாதாரணச் சிகிச்சை பெற்றவர்களில் வருடத்துக்கு நூற்றுக்குச் சுமார் 11 பேர் மரணித்தபோது, இவர்களில் சுமார் 8 பேர். திடீரென வைத்தியசாலையிலோ மரணத்திலோ இழந்த நாட்கள் வருடத்துக்கு 24இலிருந்து 18 ஆகக் குறைந்தன.

நெதர்லாந்தில் நுரையீரலுக்குப் போகும் இரத்தக்குழாயிலேயே ஒரு சின்ன அழுத்தக் கருவியை வைத்து 348 பேரில் செய்த ஆய்வும் 2023இல் வெளியானது. இதயப் பலவீனத்துக்காக வைத்தியசாலையில் சேர்வது 44 வீதம் குறைந்தது. அங்கேயும் அந்த இலக்கத்தைப் பார்த்து மருந்தை மாற்றுவதற்கு ஆட்கள் இருந்தார்கள்.

இவற்றிலிருந்து எங்களுக்கு விளங்கியது இதுதான். கேட்கிற காதும், மருந்தை மாற்றுகிற அதிகாரமும் மறுமுனையில் இருந்தால் சாதாரணத் தராசும் உயிரைக் காப்பாற்றும். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நான்கு பிள்ளைகள் இருந்தோம். மருந்தைப் பற்றித் தெரிந்தவர் ஒருவர் இருக்கவில்லை.

கொட்டாஞ்சேனையில் நாங்கள் படிப்பிக்கும் பாடசாலையில், தரம் 8க்குக் கோட்டு வரைபு படிப்பித்தபோது, வீட்டிலிருந்து ஏதாவது ஒரு தரவை மூன்று கிழமை அளந்து வரச் சொன்னோம். பெரும்பாலானோர் வெப்பநிலை, மின்மானி வாசிப்பு என்று கொண்டு வந்தார்கள். ஒரு பையன் தன் அம்மம்மாவின் நிறையைக் கொண்டு வந்தான். அவருக்கும் வாப்பாவின் அதே வருத்தம். தினமும் காலையில் பக்கத்துப் பாமசியில் நிறுத்து, கணிதக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தான். பதினைந்து நாள் கோடு தட்டையாகப் போனது. பிறகு மூன்று நாளில் செங்குத்தாக ஏறியது. பிறகு இறங்கியது.

“ஏன் இறங்கியது?” என்று கேட்டோம்.

“கிளினிக் மிஸ்ஸுக்கு அம்மா கோல் எடுத்தாங்க டீச்சர். டொக்டரிடம் கேட்டு, குளிசையைக் கூட்டச் சொன்னாங்க.”

அந்தத் தாதி தன் சொந்தத் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்திருக்கிறார். அல்லாஹ் அவருக்கு நற்கூலி வழங்கட்டும். ஆனால் அவர் இடமாற்றம் பெற்றுப் போனால்? லீவில் நின்றால்? 2022க்குப் பிறகு நாட்டை விட்டுப் போன எத்தனையோ தாதியர், வைத்தியர்களைப் போல அவரும் போய்விட்டால்? ஒருவரின் நல்ல மனத்தில் தொங்கும் ஏற்பாடு அவரோடு போய்விடும். அந்த இலக்கம் கிளினிக்கின் இலக்கமாக இருக்க வேண்டும். யார் கடமையில் இருந்தாலும் எடுக்க வேண்டும்.

இது நம் நாட்டில் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு ஒரு விடயம். நடந்துகொண்டுதான் இருக்கிறது, குழந்தைகளுக்கு. பிள்ளை பிறந்தால் ஒரு கிளினிக் கொப்பி தருகிறார்கள். அதில் நிறைக்கு ஒரு வரைபடம் இருக்கிறது. மாதா மாதம் நிறுத்து, குடும்ப நல உத்தியோகத்தர் மிஸ் புள்ளி வைப்பார். கோடு தட்டையானால் வீடு தேடி வருவார். 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலத்திலிருந்து வளர்ந்து வந்த சேவை இது. கொட்டாஞ்சேனைத் தோட்ட வீட்டிலும் அந்தக் கொப்பி இருக்கிறது, வெள்ளவத்தை மாடி வீட்டிலும் இருக்கிறது. ஆளை வீட்டில் வைத்தே, ஒரு இலக்கத்தைப் பார்த்து, ஆபத்து வருமுன் பிடிப்பதை இந்த நாடு மற்ற நாடுகளுக்கே படிப்பிக்கலாம். குழந்தைக்கு நிறை கூடாவிட்டால் கவலை, வாப்பாவுக்குத் திடீரென்று கூடினால் கவலை. வரைபடம் ஒன்றுதான்.

1990 சேவையும் அப்படித்தான். 2016இல் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கி, சில வருடங்களில் நாடு முழுக்கப் போனது. ஒரு ரூபாய் வாங்காமல் வருகிறார்கள். மூச்சு முட்டிய பிறகு அழைக்க ஓர் இலக்கம் இருக்கும் நாட்டில், மூச்சு முட்டுவதற்கு ஆறு நாள் முன்பு அழைக்கவும் ஓர் இலக்கம் இருக்க முடியாதா?

நம்மைப் போன்ற ஆட்களின் நிலை எப்படி என்று அறியப் பக்கத்துக் கேரளத்தைப் பார்க்கலாம். திருவனந்தபுரத்தில் 2013இல் இதயப் பலவீனத்தோடு வைத்தியசாலையில் சேர்ந்த 1,205 பேரைப் பதிவு செய்து பின்தொடர்ந்தார்கள். சராசரி வயது 61தான். ஐந்து வருடத்தில் 59 வீதமானோர் இறந்துவிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது, வழிகாட்டி சொல்லும் மருந்துகள் முறையாகக் கிடைத்தது நால்வரில் ஒருவருக்குத்தான். எவ்வளவு நல்ல சென்சரும் இல்லாத குளிசைக்கு ஈடாகாது. 2022இல் பாமசி பாமசியாக அலைந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. 13 மணித்தியாலம் கரன்ட் இல்லாத நாட்களில் எந்த மணிக்கூட்டை யார் சார்ஜ் பண்ணியிருப்பார்கள்?

தாதியரே போதாத நாட்டில் இன்னொரு வேலையா என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. எங்கள் பதில்: சென்சர் உண்மையில் உதவக்கூடிய இடமே அதுதான். ஒரு கிளினிக்கில் முந்நூறு நோயாளிகள் இருந்தால் முந்நூறு பேரையும் தினமும் அழைக்க முடியாது. இன்று அழைக்க வேண்டிய ஐந்து பேர் யார் என்று கருவி பிரித்துக் கொடுத்தால் ஒரு தாதியால் முடியும். ஆகவே முதலில் தாதியின் மேசையும் தொலைபேசியும் வரட்டும். பிறகு, வைத்தியசாலைக்கு அடிக்கடி வந்து போகும் நோயாளிகளுக்குக் கருவி வரட்டும். மேசை இல்லாமல் கருவி வந்தால் அது எங்கள் வாட்ஸ்அப் குழுதான்.

கருவி வரும்போது இன்னொன்றையும் கேட்க வேண்டும். நம் பெற்றோரின் துடிப்பும் தூக்கமும் எந்த நாட்டுக் கணினியில் போய்ச் சேர்கிறது, யார் பார்க்கிறார்கள்? தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் 9ஆம் இலக்கச் சட்டமாக வந்திருக்கிறது. சட்டம் இருந்தால் போதாது, கேட்கவும் வேண்டும்.

சரி, இன்று நாம் என்ன செய்யலாம்?

வீட்டில் இதயப் பலவீனம் உள்ளவர் இருந்தால் ஒரு தராசு வாங்குங்கள். தினமும் காலையில், சிறுநீர் கழித்த பின், சாப்பிட முன், ஒரே மாதிரி உடுப்போடு நிறுத்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். எத்தனை தலையணை, கால் வீக்கமா, தண்ணிக் குளிசை குடித்தாரா என்று பக்கத்தில் எழுதுங்கள். நிறை கூடாமலும் மூச்சு வாங்கலாம், ஆகவே இலக்கத்தை மட்டும் பார்க்காமல் ஆளையும் பாருங்கள். எவ்வளவு கூடினால் யாருக்குச் சொல்வது என்று அடுத்த கிளினிக்கில் கேட்டு அந்தக் கொப்பியின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். நோன்பு வருமுன், பிடிக்கலாமா, குளிசையை எந்த நேரம் குடிப்பது என்று வைத்தியரிடமே கேளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. கருவாடு, மாசிச் சம்பல், ஊறுகாய், கஞ்சி உப்பு எல்லாவற்றிலும் கை வையுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, மணிக்கூடு அனுப்புவதை நாங்கள் தடுக்கவில்லை. அதோடு வாரத்தில் ஒரு நாள் வீடியோ கோலில் வாப்பாவின் முகத்தைப் பார்த்துக் கதைத்துவிட்டு, காலையும் காட்டச் சொல்லுங்கள்.

பள்ளி நிர்வாகங்களுக்கும் கோயில், தேவாலயச் சபைகளுக்கும் ஒரு வேண்டுகோள். வைத்தியசாலைக்குப் பெரிய இயந்திரம் வாங்கிக் கொடுத்துப் பெயர்ப்பலகை வைப்பது நல்ல காரியம்தான். ஒரு தடவை, நூறு ஏழை நோயாளிகளுக்கு நூறு தராசு கொடுத்துப் பாருங்கள். பெயர்ப்பலகைக்கு அதில் இடமிருக்காது, நன்மைக்கு இருக்கும்.

சுகாதார அமைச்சில் இருப்பவர்கள் யாராவது இதை வாசித்தால்: ஒவ்வொரு இதய கிளினிக்குக்கும் ஒரு தொலைபேசி, ஒரு மேசை, மூன்று மொழியிலும் பதில் சொல்லக்கூடிய ஒரு தாதி. பின்னால் கேட்க ஒரு வைத்தியர். கொழும்பில் இரண்டு வைத்தியசாலையில் ஒரு வருடம் செய்து பாருங்கள். மிச்சமாகும் கட்டில்களை எண்ணிப் பாருங்கள். எண்ணித் தர நாங்கள் கணித ஆசிரியர்கள் இருக்கிறோம்.

வாப்பா இப்போது நலம். மணிக்கூடு கையில்தான் இருக்கிறது, தொழுகை நேரம் பார்க்க உதவுகிறதாம். காலையில் தராசில் ஏறி நின்று இலக்கத்தைச் சத்தமாகச் சொல்வார், உம்மா கொப்பியில் எழுதுவார். உம்மா ஐந்தாம் வகுப்போடு பாடசாலையை விட்டவர். போன கிழமை அந்தக் கொப்பியைக் காட்டி, “மூணு நாளா ஒரே இலக்கம், நல்லதுதானே?” என்று கேட்டார்.

நல்லதுதான் உம்மா.

வாப்பாவுக்காகவும், அந்தப் பையனின் அம்மம்மாவுக்காகவும் துஆ செய்யுங்கள். உங்கள் வீட்டு அனுபவத்தையும் கீழே எழுதுங்கள். தேவையான ஒருவருக்காவது இதைப் பகிருங்கள்.